ஒன்பதரை மில்லிமீட்டர் ஓடை

தரையில் இருப்பதை எல்லாம் வரைபடத்தில் போட முடியாது. இதை நான் எத்தனை முறை சொல்லியும் என் அண்ணி ஒத்துக்கொண்டதில்லை. "போட முடியாதுன்னா அவ்வளவு பெரிய ஆபீஸ் எதுக்கு, அதுல உனக்கு ஒரு நாற்காலி எதுக்கு?" என்பார். அந்த நாற்காலியில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்து நான் பார்க்கிற வேலையே போடாமல் விடுவதுதான். பெரிதாக வரைந்த பழைய படத்தைச் சின்ன அளவுக்குக் குறுக்கும்போது எது நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்று முடிவு செய்கிறவள் நான். அலுவலகத்தில் எனக்குக் கத்தரி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் இல்லை, நேராகவே கூப்பிடுவார்கள்.

இஷ்டத்துக்கு வெட்டுகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் விதிப்புத்தகம் இருக்கிறது. ஆளில்லாத வெட்டவெளியில் ஒற்றைக் கிணறு இருந்தால் கட்டாயம் போட வேண்டும்; அதே கிணறு வீடுகளுக்கு நடுவில் இருந்தால் எடுத்துவிட வேண்டும். ஒற்றையடிப் பாதை எங்காவது போய்ச் சேர்ந்தால்தான் பாதை. ஐந்து வீடுகள் சேர்ந்தாற்போல் இருந்தால் மூன்று கறுப்புச் சதுரம் போதும். அந்த மூன்றில் எது யார் வீடு என்று கேட்கக் கூடாது. எதுவும் யாருடையதும் இல்லை, இங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று மட்டும் அதற்கு அர்த்தம்.

ஓடைக்கும் கணக்கு உண்டு. எங்கள் படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் அரை கிலோமீட்டர். ஓடையின் நீளம் படத்தில் எட்டு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் எடு. பன்னிரண்டுக்கு மேல் இருந்தால் வை. இரண்டுக்கும் நடுவில் இருந்தால், அந்தப் பத்தியில் இரண்டே சொல் எழுதியிருக்கும்: 'தொகுப்பவர் விருப்பம்'. வைக்கலாம், எடுக்கலாம், ஏன் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

என் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஓடை ஒன்பதரை மில்லிமீட்டர்.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவன். நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போனால், குன்றின் அடியில், ரோட்டோரமாக ஐந்து வீடு வரும். அதில் மூன்றாவது அவனுடையது. முன்னறையில் பாதியை அவனுடைய தையல் மெஷின் அடைத்துக்கொண்டிருக்கும். சட்டை தைக்கிற மெஷின் இல்லை, நாலு போல்ட் போட்டுத் தரையோடு முடுக்கிய இரும்பு யானை. குன்றிலிருந்து இறங்கும் ஓடை ஐந்து வீட்டுக்கும் பின்னால் வளைந்து, ரோட்டில் ஒரு தாழ்வான இடத்தில் குறுக்கே ஓடி, அந்தப் பக்கம் ஆற்றில் விழும். வருடத்தில் எட்டு மாதம் காய்ந்து கிடக்கும். மழைக்காலத்தில் சத்தமில்லாமல் வரும், சத்தமில்லாமல் போகும். அதனால் அதை ஊமை ஓடை என்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தத் தாள் என் மேஜைக்கு வந்தது. அன்றைக்குக் காலையில் அதே தாளில் வேறு இரண்டு ஓடைகளை எடுத்திருந்தேன். ஒன்று ஒன்பது மில்லிமீட்டர், இன்னொன்று பத்து. மூன்றாவதாக அளந்தது இது. அளவுகோலை வைத்த பிறகுதான் எந்த ஓடை என்று புரிந்தது. பக்கத்து மேஜைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். எதையும் எடுக்க மனசு வராது, ஒரு வேலிகூட விடமாட்டான், அதற்காக வாரம் ஒருமுறை திட்டு வாங்குவான்.

"வெச்சிடுக்கா. இடம்தான் இருக்கே," என்றான்.

"மத்த ரெண்டையும் எடுத்துட்டு அண்ணன் வீட்டு ஓடையை மட்டும் வெச்சா நல்லாவா இருக்கும்?"

"யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே!" என்று அவன்மேல் எரிந்து விழுந்துவிட்டு, எடுத்தேன்.

அவ்வளவுதான் நடந்தது. வேறு யாருடைய ஓடையாக இருந்தாலும் ஒரு நிமிடம் யோசித்திருப்பேன். ரோடு அருகில் இருக்கிறதே, வீடுகள் இருக்கின்றனவே என்று வைத்தும் இருப்பேன். சொந்தம் என்பதால் யோசிக்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்வரை எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. நாசமாய்ப் போன பெருமை.

படம் அச்சாகி வந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில் 'தொகுத்தவர்' என்று போட்டுப் பக்கத்தில் என் பெயரும் இருக்கும். அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் போன் செய்தான்.

"பாப்பா, இங்க ரோட்டை உசத்துறாங்க. ஆள் உசரத்துக்கு மண்ணைக் கொட்டிட்டாங்க."

ஐம்பது வயதிலும் அவனுக்கு நான் பாப்பாதான். "நல்லதுதானே," என்றேன்.

"நல்லதுதான். ஆனா ஊமை ஓடை தாண்டுற இடத்துல தண்ணி போகக் குழாயே வைக்கல. மேஸ்திரிகிட்ட கேட்டா, படத்துல ஓடையே இல்லைங்கறாரு. உங்க ஆபீஸ் படமாமே?"

அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். 'அண்ணா, அதை எடுத்தது நான்தான்' என்று நாலே சொல். வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக என் வாய் வேறொன்றைச் சொன்னது.

"நான் பாத்துக்கறேன். நீ எதுவும் பண்ணிடாதே. யார்கிட்டயும் சண்டைக்கும் போகாதே."

"நீ இருக்கும்போது எனக்கென்ன?" என்று சிரித்துவிட்டு வைத்தான்.

மறுநாளே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ரோடு இன்ஜினியரைப் பார்க்கப் போனேன். பிளாஸ்டிக் வாளியில் சுருட்டிச் செருகிய வரைபடங்கள், காற்றாடிக்குப் பறக்காமல் இருக்கத் தாள்களின் மேல் ஜல்லிக்கற்கள், மேஜைக் கண்ணாடிக்கு அடியில் நான் தொகுத்த படம். நல்ல மனிதர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சண்டை போட என்று தயாராகப் போனவளுக்கு அதுவே பாதி தோல்வி.

"நீலக் கோடு ரோட்டைத் தாண்டுற இடத்தை எல்லாம் எண்ணுவோம் மேடம். பதினொண்ணு வந்துச்சு. பதினொரு குழாய் வெச்சிருக்கோம்."

"பன்னெண்டாவது ஒண்ணு இருக்கு சார்."

"நானும் வெயில் காலத்துல நேர்ல போய்ப் பாத்தேனே. ஒரு பள்ளம் இருந்துச்சு, முள்ளும் குப்பையும் கிடந்துச்சு. யாரோ மண்ணு வெட்டுன இடம்னு நினைச்சேன்." அவருடைய விரல் கண்ணாடியின் மேல் நகர்ந்து ஓரத்துக்குப் போனது. "இது நீங்கதானா?"

"நான்தான்."

"அப்ப கஷ்டமே இல்லையே! உங்க ஆபீஸ்லேர்ந்து ரெண்டு வரி லெட்டர் குடுங்க, இங்க ஓடை இருக்குன்னு. நானே குழாய் வெச்சிடறேன். தார் போடறதுக்குள்ள வேணும். மூணு வாரம் இருக்கு."

கால் தரையில் படாமல் பஸ் ஏறினேன். இரண்டு வரி! என் அலுவலகத்தில், என் மேஜையில், என் கையால் எடுத்த ஓடைக்கு இரண்டு வரி.

பிரிவுத் தலைவர் திருத்தப் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். அதில் இரண்டே கட்டம். 'படத்தில் பிழை' என்று ஒன்று, 'தரையில் மாற்றம்' என்று ஒன்று.

"படத்துல பிழை இருக்காம்மா?"

"இல்ல சார். விதிப்படிதான் எடுத்தேன்."

"தரை மாறியிருக்கா?"

"இல்ல. ஓடை அங்கேயேதான் இருக்கு."

"அப்ப எதைத் திருத்தச் சொல்றே?"

"சார், அங்க என் அண்ணன் குடும்பம் இருக்கு. தண்ணி வந்தா போறதுக்கு வழி இல்ல."

"புரியுதும்மா. ஆனா விதிப்படி எடுத்த ஓடைக்கு லெட்டர் குடுக்க ஆரம்பிச்சா இந்தத் தாளுக்கு மட்டும் நானூறு லெட்டர் குடுக்கணும். படத்துல இல்லைன்னா தரையில இல்லைன்னு அர்த்தமில்லன்னு ஓரத்துல அச்சடிச்சுதானே குடுக்கறோம்? அதைப் படிக்காதது அவங்க தப்பு."

"தொகுப்பவர் விருப்பம்னுதானே சார் இருக்கு? என் விருப்பம் மாறிடுச்சுன்னு எழுதிக் குடுத்துடறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அச்சானதுக்கப்புறம் விருப்பம் ஏதும்மா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அந்த வாக்கியம் பயிற்சி வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கிற வாக்கியம். பத்து வருடமாகப் புதியவர்களிடம் அதையேதான் சொல்லி வருகிறேன்.

படிவத்தில் 'படத்தில் பிழை' என்ற கட்டத்தில் குறி போட்டேன். இருபத்தாறு வருடத்தில் நான் எழுதிய முதல் பொய் அதுதான். தலைவர் பார்த்தும் பார்க்காத மாதிரி கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். அவரையும் குறை சொல்ல முடியாது. அங்கே சரிபார்ப்புக் குழு இருக்கிறது, முறை வந்தால் பார்ப்பார்கள் என்றார்கள். நான்கு தரம் நேரில் போய் நின்றேன். ஒவ்வொரு தரமும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு பெரிய நோட்டைப் புரட்டி, என் எண்ணைக் கண்டுபிடித்து, "இருக்கு" என்றார். இருக்கிறது என்று எனக்கும் தெரியும்.

நடுவில் பழைய படத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு இன்ஜினியரிடம் ஓடினேன். அதில் ஊமை ஓடை நீலமாக, மெலிசாக, வளைவோடு அழகாக இருந்தது. அதன்மேல் குறுக்கே 'ரத்து' என்ற முத்திரையும் இருந்தது. புதுப் படம் வந்தால் பழையது ரத்து.

"ரத்தான படத்தைக் காட்டி நான் குழாய் வெச்சா என் வேலை போயிடும் மேடம்," என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். எல்லாரும் வருத்தப்பட்டார்கள். கல்நெஞ்சக்காரன் ஒருத்தனாவது நடுவில் இருந்திருந்தால் அவனைத் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

அண்ணன் வாரம் தவறாமல் கேட்டான். "என்னாச்சு பாப்பா?"

"நடந்துக்கிட்டிருக்கு அண்ணா."

"சரி சரி, நீ அலையாதே. உடம்பைப் பாத்துக்கோ."

ஒரு வாரம் நான் போனையே எடுக்கவில்லை.

இருபதாம் நாள் தார் போட்டார்கள். இருபத்தாறாம் நாள் குழுவின் பதில் வந்தது. 'குறிப்பிட்ட ஓடை விதிப்படி சரியாகவே நீக்கப்பட்டுள்ளது. தொகுத்தவரின் பணி குறைபாடற்றது.' பூதக்கண்ணாடி அதை வாங்கிப் படித்துவிட்டு எனக்கு டீ வாங்கி வந்தான்.

மழை அந்த வருடம் அதிகம் என்றெல்லாம் சொல்ல முடியாது. எப்போதும் பெய்கிற மழைதான். மூன்றாவது நாள் மத்தியானம் அண்ணி போன் செய்தார். வழக்கமாக எடுத்தவுடனே ஒரு குத்தல் இருக்கும். அன்று இல்லை.

"வா," என்றார். அவ்வளவுதான்.

பஸ் அந்தப் புது ரோட்டில் வழுக்கிக்கொண்டு போனது. இறங்கினேன். ரோட்டுக்கு இடது பக்கம் ஆறு, அதன் கரை எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது. வலது பக்கம் ஐந்து வீடும் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றன. கொஞ்சமும் அலையில்லாத, அமைதியான, காப்பி நிறத் தண்ணீர். ஐந்து வீட்டு ஆட்களும் மூட்டைகளோடு ரோட்டின் மேல் இருந்தார்கள். அண்ணன் தைத்த தார்ப்பாய் ஒன்றைப் பிடித்து அதன் அடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணன் கையில் ஸ்பேனரோடு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். இடுப்புவரை நனைந்திருந்தது.

"ரெண்டு போல்ட்டு கழண்டுடுச்சு பாப்பா. மத்த ரெண்டும் துருப்பிடிச்சுப்போச்சு, அசையல. மெஷினை விட்டுட்டேன்." ஸ்பேனரால் வீட்டைக் காட்டினான். "ஓடை சத்தமே போடல. காலையில கட்டில்லேர்ந்து காலைக் கீழ வெச்சேன், தண்ணி."

ஸ்பேனரை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

தண்ணீர் வடியவில்லை. வடிய வழி இருந்தால்தானே? இன்ஜினியர் வந்து பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார். குழாய் வைக்க ரோட்டை அறுக்க வேண்டும். புது ரோட்டை ஐந்து வருடத்துக்கு அறுக்கக் கூடாது என்று அவர்களிடமும் ஒரு விதி இருக்கிறது. எழுதியிருக்கிறேன், பதில் வந்தால் அறுப்பேன் என்றார். அவர் எழுதியதும் ஏதோ ஒரு பெரிய நோட்டில் இருக்கும்.

அண்ணனும் அண்ணியும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு அறை, மூன்றாவது மாடி. அண்ணி சமையலறையைப் பிடித்துக்கொண்டு என் பாத்திரங்களைத் திட்டுவார். அண்ணனுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. முன்னறை ஜன்னல் அருகே உட்கார்ந்து திரைச்சீலையின் ஓரத்தை விரலால் மடித்து மடித்து நீவிக்கொண்டிருப்பான். என் வீட்டுத் திரைச்சீலைக்கு நடுவில் எந்தக் கசங்கலும் இல்லை, ஓரம் மட்டும் ஒரு மாதிரியாகிவிட்டது.

ஐந்து மாதம் கழித்து, வானத்திலிருந்து எடுத்த புதுப் படங்கள் அலுவலகத்துக்கு வந்தன. குன்றின் அடியில், ரோட்டை ஒட்டிக் கறுப்பாக ஒரு திட்டு. பூதக்கண்ணாடிதான் முதலில் பார்த்தான்.

"அக்கா, இந்தத் தாளை நான் பண்ணிடறேன்."

"ஏன், எனக்குக் கண்ணு தெரியாதா?"

அளந்தேன். தேங்கிய நீர் படத்தில் நாலு சதுர மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், மழை நின்று மூன்று மாதம் ஆகியும் வற்றவில்லை என்றால், போட வேண்டும். இது ஏழு. தலைவர் அதே திருத்தப் படிவத்தைக் கொடுத்தார். இந்தத் தடவை எந்தக் கட்டம் என்று ஒரு குழப்பமும் இல்லை, 'தரையில் மாற்றம்'. கீழே ஒரு வரி இருந்தது: புதிய நீர்நிலையின் பெயர், அந்த இடத்தில் வசிப்பவர் ஒருவரைக் கேட்டு எழுதுக.

சாயங்காலம் படிவத்தோடு வீட்டுக்குப் போனேன். அண்ணன் ஜன்னல் அருகே இருந்தான்.

"அண்ணா, அங்க தேங்கி நிக்குதே, அதுக்கு என்ன பேரு சொல்றாங்க?"

அவன் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அண்ணி சத்தம் போட்டார். "எதுக்குப் பேரைத் தேடறே? உன் பேரையே வை! படத்து ஓரத்துல போட்டிருக்கே, அதை நடுவுல போட்டுக்க!"

"நீ சும்மா இரு," என்றான் அண்ணன்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "உனக்குத் தெரியுமா அண்ணா?"

"மேஸ்திரி அன்னைக்கே படத்தைக் காட்டுனார். உனக்கு நான் போன் பண்றதுக்கு முந்தின நாள். ஓரத்துல உன் பேரு இருந்துச்சு." திரைச்சீலையை ஒரு மடிப்பு மடித்தான். "எல்லார்கிட்டயும் காட்டுனேன், என் தங்கச்சி போட்ட படம்னு."

"காட்டுனதோட விட்டாரா?" அண்ணி கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். "மொத வீட்டுக்காரர் மண்ணு அள்ளுற மெஷின் ஓட்டுறவர். மழைக்கு மொத நாள் மெஷினோட வந்து நின்னார். அரை மணி நேர வேலை, ரோட்டை ஒரு வெட்டு வெட்டி விட்டுடறேன், அப்புறம் வர்ற கேஸை நான் பாத்துக்கறேன்னாரு. உங்கண்ணன் மெஷினுக்கு முன்னாடி போய் மறிச்சிட்டாரு. வேணாம், பாப்பா பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கா, எதுவும் பண்ணக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. இதையே சொல்லி ஆளைத் திருப்பி அனுப்பிட்டாரு."

நான் அண்ணனைப் பார்த்தேன். ஏதாவது திட்டு அண்ணா, ஒரு அறையாவது விடு என்று மனசு அடித்துக்கொண்டது. அவன் என்னைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"அதுக்குப் பேரெல்லாம் ஒண்ணும் இல்ல பாப்பா. பேரு வைக்க அங்க யாரு இருக்கா?"

அழுகை வந்தது, அழுதேன். அண்ணி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் பெயருக்கான இடத்தில் கோடு ஒன்று கிழித்துவிட்டு வரைய உட்கார்ந்தேன். கரையை மூன்று தரம் சரிபார்த்தேன், உள்ளே நீலம் நிரப்பினேன். மூன்று கறுப்புச் சதுரங்கள் நீலத்துக்கு நடுவில் மிச்சம் இருந்தன. பூதக்கண்ணாடி தன் நாற்காலியிலிருந்தே எட்டிப் பார்த்தான். "இருந்துட்டுப் போகட்டும்கா," என்றான். புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். நீர்நிலைக்குள் வரும் வீடுகளை நீக்குவது கட்டாயம் என்று இருந்தது. தொகுப்பவர் விருப்பம் என்ற பேச்சே அங்கே இல்லை. எடுத்துவிட்டேன்.